கையிருப்பில் நான்கு டம்ளர் அதிகம்

கம்பெனியில் ஸ்டோரம்மா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் பம்பு செய்யும் அந்தக் கம்பெனியின் உதிரிபாகக் கிடங்கு பத்தொன்பது வருடமாக அவள் பொறுப்பில் இருந்தது. முதலில் அவள் கிடங்கைப் பெருக்கத்தான் வந்தாள். பெருக்கும்போதே எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று பார்த்து வைத்துக்கொண்டாள். பழைய ஸ்டோர்கீப்பர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டபோது, கேட்ட சாமானைக் கேட்ட நிமிடத்தில் எடுத்துக்கொடுக்க அவள் ஒருத்திதான் இருந்தாள். எட்டாம் வகுப்போடு நின்ற படிப்பு. இருப்புக் கணக்கு அட்டை எழுதுவதை அவளாகவே பார்த்துப் பழகினாள். அதன்பிறகு சீட்டு எழுதிக் கொடுக்காமல் ஒரு நட்டுகூட அங்கிருந்து வெளியே போனதில்லை. முதலாளியே ஒருமுறை வெறுங்கையோடு வந்து ஒரு வாஷர் கேட்டு, பிறகு பேனா தேடிக் குனிந்து சீட்டு எழுதிய கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்தக் கம்பெனியில் வார்ப்புப் பகுதியின் உலை விரிசல் விட்டது. புது உலை கப்பலில் வர வேண்டும். அதுவரை வேலையும் கிடையாது, சம்பளமும் கிடையாது. தொண்ணூறு நாள் என்று கேட்டில் நோட்டீஸ் ஒட்டினார்கள்.

அவள் கணவரும் அங்கேதான், லேத்தில் கடைசல்காரர். ஒரே வீட்டில் இரண்டு சம்பளமும் ஒரே நாளில் நின்றது. கடைசிச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்துப் பார்த்துச் செலவழிக்கலாம் என்றார் அவர்.

"கையில இருந்தா கரைஞ்சிடுங்க. இன்னிக்கு ஒரு பஸ்ஸு, நாளைக்கு ஒரு டீன்னு போயிடும். டப்பாவுல இருந்தா எத்தன நாளைக்கு வரும்னு சொல்லிடுவேன்" என்றாள் அவள்.

"எல்லாத்தையும் வாங்கிப் போட்டுட்டு, காய்ச்சல் வந்தா டாக்டருக்கு அரிசி அளந்து குடுப்பியா?"

"காய்ச்சலுக்குத் தனியா எடுத்து வச்சாச்சு. அதத் தொட்டீங்கன்னா அப்பறம் உங்களுக்குத்தான் காய்ச்சல் வரும்."

அரிசி இரண்டு டிரம், பருப்பு மூன்று டின், கோதுமை மாவு, எண்ணெய், வெங்காயம், உருளைக்கிழங்கு எல்லாம் ஒரே நாளில் வந்து இறங்கின. தெருவில் பாதிப்பேர் அதே கம்பெனிதான். ஸ்டோரம்மா மூட்டையாக வாங்குகிறாள் என்று தெரிந்ததும் அவர்களும் ஓடிப்போய் மூட்டையாக வாங்கினார்கள்.

அடுப்படியில் ஈரம் என்பதால் மாமனாரின் அறைதான் கிடங்கு ஆயிற்று. மாமனார் கடிகாரம் பழுது பார்த்தவர். எழுபத்தாறு வயதிலும் விரல் நடுங்காது. அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் டிரம்கள், கட்டிலுக்கு அடியில் டின்கள். வெங்காயமும் உருளைக்கிழங்கும் சேர்ந்திருந்தால் இரண்டும் கெடும் என்று வெங்காயத்தைப் பழைய கொசுவலையில் கட்டி ஜன்னலோரம் தொங்கவிட்டாள். கிழங்கை இருட்டாக அலமாரிக்குக் கீழே தள்ளினாள்.

"ராத்திரி புரண்டு படுத்தா பருப்பு மேல விழுவேன் போலிருக்கே" என்றார் மாமனார்.

"விழுங்க மாமா, தப்பில்ல. எடுத்துத் திங்காம இருந்தா சரி."

"பல்லு இருக்கிற காலத்துல எங்கடா இருந்தீங்க இத்தன மூட்டையும்?"

நாளுக்கு ஐந்து டம்ளர் அரிசி, தலை தட்டி. நான்கு பேருக்கு, தொண்ணூறு நாளைக்கு, நானூற்றைம்பது டம்ளர். பருப்பு ஒரு டின் முப்பது நாள். மகளின் பழைய நோட்டில் இதையெல்லாம் எழுதி, டிரம் மூடியில் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டாள். அன்றன்றைக்கு எடுத்தது, மீதி இருப்பது என்று இரண்டே கட்டம். பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் அதைப் பார்த்துவிட்டு, "அம்மா, தண்ணி குடிக்கவும் சீட்டு எழுதணுமா?" என்றாள். "இப்பதைக்கு வேணாம்" என்று அம்மா பதில் சொன்னாள். அவள் வேடிக்கைக்குச் சொல்கிறாளா என்பது மகளுக்கு விளங்கவில்லை.

முதல் முப்பது நாள் கோடு போட்ட மாதிரி போயிற்று. மாலையில் ஐந்து டம்ளர் அளந்து தட்டில் கொட்டி மாமனாரிடம் வைத்துவிடுவாள். காலை வெளிச்சத்தில் அவர் அதில் கல்லும் நெல்லும் கறுப்பும் பொறுக்கி வைப்பார். கணவர் அங்கே இங்கே சின்ன வெல்டிங் வேலை பார்த்துக் காய்கறிக்குக் கொண்டுவருவார்.

முப்பத்தொன்றாம் நாள் இரண்டாவது பருப்பு டின்னைத் திறந்தாள். மூடியைத் தூக்கியதுமே ஈரத்துணியை மூட்டை கட்டி வைத்தது போல ஒரு வாடை. மேலே இரண்டு விரல் கனத்துக்குப் பச்சை பூத்திருந்தது. கையை விட்டுக் கிளறினாள். பருப்பு கட்டி கட்டியாக வந்தது. அடிவரை அதே வாடை.

"மேல இருக்கிறத வாரிப் போட்டுட்டு மிச்சத்தக் கழுவிக்கலாமே" என்றார் கணவர்.

"வாடை அடிவரைக்கும் போயிருக்கு. இதத் தின்னு ஒருத்தருக்கு வயித்தால போனா, தனியா எடுத்து வச்ச காய்ச்சல் காசு ஒரே நாள்ல காலி."

அவள் உடனே மூன்றாவது டின்னையும் திறந்தாள். அது வாங்கின அன்று இருந்தது போலவே சலசலவென்று இருந்தது. ஒரே கடை, ஒரே மூட்டை, ஒரே நாள் மொட்டைமாடி வெயிலில் காயவைத்தது. ஒன்று கெட்டு ஒன்று ஏன் நன்றாக இருக்கிறது? டின்னுக்கு முன்னால் உட்கார்ந்து அந்த நாளை ஒவ்வொரு நிமிடமாகத் திருப்பிப் பார்த்தாள்.

முதல் டின் அன்றிலிருந்தே புழக்கத்தில் இருந்தது, தினமும் திறந்து மூடியது. இரண்டாவதை மாடியிலிருந்து இறக்கிய சூட்டோடு டின்னில் கொட்டி, மூடி போட்டு, சுற்றிலும் டேப் ஒட்டினாள். மூன்றாவதற்கு டேப் போதவில்லை. மகள் கடைக்குப் போய் வர ஒன்றரை மணி நேரம். வழியில் சிநேகிதியைப் பார்த்து நின்றுவிட்டாள். அதுவரை பருப்பு விரிப்பில் கிடந்து ஆறிப்போயிற்று.

சூடாக ஏன் மூடினாள்? கிடங்கில் அதுதான் வழக்கம். கழுவிய பேரிங்கைச் சுடவைத்து, எண்ணெய் தடவி, சூடு ஆறுவதற்குள் மெழுகுத்தாளில் சுற்றிவிட வேண்டும். ஆறவிட்டால் ஈரம் ஏறித் துருப்பிடிக்கும். பத்தொன்பது வருடம் கை அதையே செய்து பழகிவிட்டது. ஆனால் இரும்புக்கு வியர்க்காது, பருப்புக்கு வியர்க்கும். உள்ளே இருந்த கொஞ்சநஞ்ச ஈரம் சூட்டில் கிளம்பி, மூடியில் முட்டி, தண்ணீராகி மேலேயே சொட்டியிருக்கிறது.

நோட்டில் 'பருப்பு ஒரு டின் நஷ்டம். சூட்டோடு மூடியது என் தவறு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். மீதி ஆறு கிலோவை அறுபது நாளைக்குப் பிரித்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் பருப்பு.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது மாமனார் பேச்சை மெதுவாக எடுத்தார். "உன் நாத்தனா வீட்ல கொஞ்ச நாள் போய் இருந்துட்டு வரலாம்னு பாக்கறேன். அவளும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருக்கா."

அவர் மகள் வீட்டுக்குப் போக எவ்வளவு விரும்புவார் என்பது எல்லாருக்கும் தெரியும். மாமியார் இறந்தபிறகு ஐந்து மாதம் அங்கே இருந்தார். குறை எதுவும் இல்லை. மாடியில் தனி அறை, வேளைக்குத் தட்டு மேலே வந்துவிடும். மருமகன் நல்ல மனிதர்தான். ஆனால் ஐந்து மாதமும் அந்த வீட்டில் வாய்க்கு ருசியாக ஒரு வார்த்தை பேசாமல், மரியாதையாக நெளிந்துகொண்டே சாப்பிட்டதில் மாமனார் பாதியாகி வந்தார்.

"எங்கயும் போக வேணாம். நாலு பேருக்கு வாங்கினது. நாலு பேரும் இங்கதான் சாப்பிடறோம்" என்றாள் ஸ்டோரம்மா. பேச்சு அதோடு முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

பத்து நாளுக்கு ஒருமுறை அவள் சரக்கு எண்ணுவாள். நாற்பதாம் நாள் எண்ணியபோது அரிசி இரண்டு டம்ளர் கூடுதலாக இருந்தது. அளவில் பிசகு என்று விட்டுவிட்டாள். ஐம்பதாம் நாள் இருபத்தைந்து டம்ளர் பிடிக்கும் பாத்திரத்தால் அளந்தாள். சரியாக எட்டுப் பாத்திரம் இருக்க வேண்டும். எட்டுப் பாத்திரமும் நான்கு டம்ளரும் இருந்தது. மறுபடி அளந்தாள். அதே நான்கு.

"அதிகம்தானே இருக்கு? அதுக்கு ஏன் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?" என்றார் கணவர். "குறைஞ்சாலும் குத்தம், கூடினாலும் குத்தமா?"

"கூடினா இன்னும் பெரிய குத்தம். ஒரு சாமான் கிடங்குல கூடுதலா இருக்குன்னா, போக வேண்டிய மெஷினுக்கு அது போய்ச் சேரலன்னு அர்த்தம்."

அன்று இரவுச் சாப்பாட்டின்போது சொல்ல அவரிடமும் ஒரு சேதி இருந்தது. கேட்டில் விசாரித்துவிட்டு வந்திருந்தார். புது உலை துறைமுகத்திலேயே நிற்கிறது. கம்பெனி திறக்க இன்னும் பத்து நாள் கூட ஆகும். தொண்ணூறு இப்போது நூறு. தட்டில் இருந்த கையை யாரும் எடுக்கவில்லை, வாயிலும் வைக்கவில்லை. மாமனார் மட்டும் "எனக்குப் போதும்மா, இன்னிக்குப் பசியில்ல" என்று எழுந்தார்.

இன்னிக்கு என்று அவர் சொன்னது அவள் காதில் நின்றது. நேற்றும் அதையேதான் சொன்னார்.

மறுநாள் மாலை அரிசி அளந்து எடுத்தபின் டிரம்மில் இருந்ததைக் கையால் சமமாகத் தடவி, மேலே விரலால் குறுக்கே ஒரு கோடு இழுத்து மூடினாள். அடுத்த நாள் காலை பத்து மணிக்குத் திறந்து பார்த்தாள். கோட்டின் நடுவில் ஒரு பிடி அரிசி குவிந்திருந்தது. குனிந்து உற்றுப் பார்த்தாள். சுற்றிலும் இருந்த அரிசியில் நெல்லும் தூசியும் கறுப்பும் கலந்து கிடந்தன. அந்தக் குவியலில் ஒரு கறுப்புகூட இல்லை. மணிமணியாகப் பொறுக்கி எடுத்த அரிசி.

மாமனார் கட்டிலில் உட்கார்ந்து சட்டைப்பையில் எதையோ தேடுவது போல இருந்தார்.

"மாமா, கிடங்குல இருந்து சாமான் எடுத்தா சீட்டு வேணும். உள்ள வச்சாலும் வேணும்."

"என்னம்மா சொல்ற?"

"தினமும் ஒரு பிடி. எப்பலேர்ந்து? பருப்பு போன அன்னிலேர்ந்தா?"

அவர் பையைத் துழாவுவதை நிறுத்தினார். "மறுநாள்லேர்ந்து."

"இருபத்தொரு நாளா அரை வயித்தோட இருந்திருக்கீங்க."

"அரை இல்ல, முக்கால்." பிறகு குரலை உயர்த்தினார். "உக்காந்த இடத்துல இருக்கிறவனுக்கு எதுக்கு முழுசா? கணக்குப் போடத் தெரிஞ்சவதானே நீ? போடு பாப்போம். இன்னும் நாப்பத்தெட்டு நாள். எனக்கு நாளுக்கு ஒண்ணேகால் டம்ளர். நான் இங்க இல்லன்னா அறுபது டம்ளர் மிச்சம். உனக்குத் துண்டு விழறது அம்பது. என்ன, தப்பா?"

தப்பில்லை. பத்து நாளைக்கு ஐம்பது டம்ளர்தான் துண்டு விழுந்தது. கடிகாரக்காரர் கணக்கு வினாடி பிசகாமல் இருந்தது.

"நேத்தே அவளுக்குப் போன் பண்ணிட்டேன். நாளைக்கு ஞாயித்துக்கிழமை, காரோட வர்றா" என்றார். கட்டிலின் தலைமாட்டில் துணிப்பை கட்டித் தயாராக இருந்ததை அப்போதுதான் பார்த்தாள்.

அவள் கத்தவில்லை. கத்தினால் அவர் கணக்கு பொய்யாகிவிடாது. வெளியே வந்து வாசற்படியில் நின்றாள். ஐம்பது டம்ளருக்கு வேறு வழி இல்லையென்றால் நாளைக்கு அந்தப் பை காரில் ஏறும். அது ஒன்றுதான் இப்போது கேள்வி.

எதிர்வீட்டில் கேன்டீன் அக்கா முறத்தில் அரிசியைப் போட்டுப் புடைத்துக்கொண்டே யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். கம்பெனி கேன்டீனில் ஐந்நூறு பேருக்குச் சமைத்த கை.

"யாரக்கா வாங்கிக் கட்டிக்கறது?"

"உன்னத்தான்! உன்னப் பாத்துத்தானே மூட்டையா வாங்கித் தொலைச்சேன். பாரு, வண்டு. ஒண்ணு ரெண்டு இல்ல, குடும்பம் குடும்பமா. கேன்டீன்ல எம்புட்டு அரிசி வந்தாலும் நாலு நாள்ல பறந்துடும். மாசக் கணக்குல வச்சிருந்து எனக்கு என்ன பழக்கம்? நாலு வீடு தள்ளி அந்த பெயின்டர் வீட்ல பருப்புல பூச்சி, மாவுல புழு. தூக்கிக் கொட்டப் போறாங்களாம்."

"கொட்டச் சொல்லாதக்கா." ஸ்டோரம்மா தெருவைக் கடந்து போய் முறத்தில் கைவிட்டுப் பார்த்தாள். வண்டு மேலே மேலே ஓடியது; அரிசி பழுதில்லை. "புடைச்சு, நிழல்ல உலர்த்தி, பொறுக்கி, ஆறவச்சுக் கட்டித் தர்றேன். இருபது டம்ளருக்கு ஒரு டம்ளர் எனக்கு."

"அடிப்பாவி, அண்டை வீட்டுக்காரிகிட்டயே கூலியா?"

"கொட்டினா இருபதும் போகும்."

கேன்டீன் அக்கா முறத்தைக் கீழே வைத்தாள். "இருபத்தஞ்சுக்கு ஒண்ணு."

"இருபது. ஆறவைக்காம கட்டி நான் ஒரு டின் பருப்பத் தொலைச்சேனே, அந்தப் படிப்புக்கும் சேத்துத்தான் இந்தக் கூலி."

அக்கா சிரித்துவிட்டாள். மாலைக்குள் ஸ்டோரம்மா ஏழு வீடு ஏறி இறங்கினாள். இரண்டு வீட்டில் முகம் கொடுக்கவில்லை. ஒரு வீட்டில் எல்லாவற்றையும் முந்தின நாளே குப்பையில் கொட்டியிருந்தார்கள். அக்காவோடு சேர்த்து நான்கு வீட்டில் சரி என்றார்கள். நான்கு வீட்டுச் சரக்கையும் கண்ணால் பார்த்து, பாத்திரத்தால் அளந்து, நோட்டில் எழுதிக்கொண்டாள். கணவரும் மகளுமாக மூன்று மூட்டைகளைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

மாமனாருக்கு முன்னால் கேன்டீன் அக்காவின் அரிசியைத் தட்டில் கொட்டினாள்.

"இது யாரோடது?"

"உங்க வேலை. நான் புடைச்சு உலர்த்தினாலும் பொறுக்க எனக்கு உங்க மாதிரி கண்ணு கிடையாது. இவருக்கு அதவிட கிடையாது. இருபதுக்கு ஒண்ணு பேசியிருக்கேன். கணக்குப் போடத் தெரிஞ்சவருதானே நீங்க? போடுங்க பாப்போம். அம்பது டம்ளர் வேணும்னா எத்தன பொறுக்கணும்?"

அவர் உதடு அசைந்தது. "ஆயிரம்."

"நாலு வீட்ல எழுநூத்திச் சொச்சம் இருக்கு. மிச்சத்துக்கு நாளைக்கு அடுத்த தெருவுக்குப் போறேன். நாளுக்கு இருபத்தஞ்சு டம்ளர் பொறுக்கினா நாப்பது நாள். முடியுமா, முடியாதா? முடியாதுன்னா பையத் தூக்கிக்கிட்டுப் போங்க, நான் தடுக்கல. நீங்க போனா அறுபது மிச்சம்னீங்க. ஆனா நாலு வீட்டுக்கு வாக்குக் குடுத்தாச்சு, நீங்க போயிட்டா இந்த ஆயிரத்த யார் பொறுக்கறது?"

அவர் சட்டைப்பையிலிருந்து பழைய லென்ஸை எடுத்துக் கண்ணில் செருகினார். கையை அரிசிமேல் ஒருமுறை ஓட்டினார். "இந்தக் கேன்டீன்காரி இதத்தான் கம்பெனிக்காரங்களுக்கெல்லாம் பொங்கிப் போட்டாளாமா? பாதி கல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். காரை வாசலில் நிறுத்தி உள்ளே வந்தவள், அப்பாவைச் சுற்றி ஏழெட்டுப் பாத்திரங்களும் துண்டுச்சீட்டுகளும் கிடப்பதைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்னது இது? அப்பாவ வேலை வாங்கறியா நீ?"

"ஆமா அண்ணி."

நாத்தனார் மறுப்பை எதிர்பார்த்திருந்தாள். ஆமாம் என்றதும் தம்பி பக்கம் திரும்பினாள். "நீயும் பாத்துக்கிட்டு நிக்கறியாடா? எழுபத்தாறு வயசுல அடுத்த வீட்டு அரிசி பொறுக்கணுமா அவரு? ஊரு என்ன பேசும்? எங்க வீட்ல மாடியில ரூம் காலியாக் கிடக்கு. அப்பா, கிளம்புங்க."

"இரு, இரு. எண்ணிக்கை தப்பிடும்" என்றார் அவர் தலையைத் தூக்காமல்.

"நீங்கதானே வான்னு போன் பண்ணீங்க?"

"பண்ணேன். அப்ப வேலை இல்லாம இருந்தேன்."

"அங்க உங்களுக்கு என்னப்பா குறை?"

"ஒரு குறையும் இல்ல. அதான் குறை. உன் வீட்ல என் கையில ரிமோட்ட மட்டும்தான் குடுப்பீங்க." லென்ஸைக் கழற்றித் துடைத்தார். "இங்க நான் இல்லன்னா இந்த ஆயிரம் டம்ளரும் வண்டுக்குத்தான். சும்மா சொல்லல, நானே போட்ட கணக்கு. உன் புருஷன்கிட்ட நான் கேட்டதாச் சொல்லு. உலை வந்ததும் ஒரு வாரம் வந்து இருக்கேன், வேணுங்கிற மட்டும் ரிமோட்ட அமுக்கறேன்."

நாத்தனாரின் கண் கலங்கிவிட்டது. கோபமா வருத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை. காரில் கொண்டுவந்திருந்த பருப்புப் பையை எடுத்து வந்து நடுவில் வைத்தாள். "இதயாவது வாங்கிக்குவியா, இல்ல இதுக்கும் ரோஷமா?"

"எனக்கு எதுக்கு அண்ணி ரோஷம்? குடுங்க" என்றாள் ஸ்டோரம்மா. வாங்கி அளந்து நோட்டில் வரவு எழுதி, நாத்தனாரிடம் பேனாவை நீட்டினாள். "இங்க ஒரு கையெழுத்து."

"சரியான பைத்தியம்டி நீ" என்று சொல்லிக்கொண்டே அவள் கையெழுத்துப் போட்டாள். போகும்போது அப்பாவின் துணிப்பையைத் தானே அவிழ்த்து, வேட்டிகளைக் கொடியில் போட்டுவிட்டுப் போனாள்.

அன்று மதியம் மாமனாரின் தட்டில் முழுப் பங்கையும் வைத்துவிட்டு ஸ்டோரம்மா எதிரிலேயே உட்கார்ந்தாள். அவர் பாதியில் கையை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"என்ன மாமா?"

"இத்தன நாள் கழிச்சு முழுசாத் திங்கறப்ப வயிறு மக்கர் பண்ணுது. கொஞ்சம் டயம் குடு."

"குடுத்தாச்சு. மெதுவாத் தின்னுங்க. நான் எழுந்திரிக்க மாட்டேன்."

அவர் கடைசிப் பருக்கை வரை தின்றார். கை கழுவிவிட்டு நேரே அரிசித் தட்டுக்கு முன்னால் போய் உட்கார்ந்தார். அன்றைக்கு இருபத்தைந்தில் இன்னும் பதினோரு டம்ளர் பாக்கி இருந்தது.